ஃபிளைட் ரத்து, கையில ஒரே ஒரு பை: மலையிலிருந்து இறங்கினவங்க என்ன செய்வீங்க?

கோத்தகிரிக்காரி:
போன வாரம் தங்கச்சி மகள் வளைகாப்புக்கு சென்னை கிளம்பினேன். கோயம்புத்தூர்ல காலை 8 மணி ஃபிளைட். மறுநாள்தான் விசேஷம், ரெண்டு நாள்ல திரும்பிடலாம்னு ஒரே ஒரு தோள்பை. 3 மணிக்கு கார் எடுத்தோம். அரவேணு தாண்டினதும் மூடுபனி. டிரைவர் தம்பி ஜன்னல்ல தலையை நீட்டி, வெள்ளைக்கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். சிக்னலும் போச்சு. மேட்டுப்பாளையத்துல டீ குடிக்க நிறுத்தினப்பதான் போன் அலறுது: ஃபிளைட் ரத்து. செய்தி 3:35க்கே வந்திருக்கு!

கவுன்டர்ல மறுநாள் காலை டிக்கெட் குடுத்தாங்க, காரணம் சொல்லலை. ராத்திரி பீளமேட்டுல ரூம். பையைத் திறந்தா பட்டுப்புடவை, பிரஷ், தங்கச்சிக்கு ஒரு கிலோ வர்க்கி (நம்ம ஊர் மொறுமொறு பிஸ்கட்). மாத்து நைட்டி இல்லை, பிரஷர் மாத்திரை ஒண்ணே ஒண்ணு. மேலே போட்டிருந்த ஸ்வெட்டர் அந்த வெயில்ல பெரிய பாரம். சென்னை போய்ச் சேர்ந்தப்ப பந்தியே முடிஞ்சிருந்தது.

பையைப் பெருசாக்கணுமா, இல்ல வேற வழி இருக்கா?

குன்னூர் டீத்தூள்:
அக்கா, பையைப் பெருசாக்காதீங்க. சின்னப் பைதான் உங்க பலம், அதை நீங்க பயன்படுத்திக்கலை. மேட்டுப்பாளையத்துல சேதி தெரிஞ்ச உடனே நேரா கோவை ஜங்ஷன் போயிருக்கலாம். 35 கி.மீ.தான். காலை 6 மணி வாக்கில வந்தே பாரத் இருக்கு. சார்ட், அதாவது பயணிகள் பட்டியல், போட்ட பிறகும் சீட் காலி இருந்தா கரண்ட் புக்கிங்ல, அதாவது கடைசி நேர முன்பதிவுல, கிடைக்கும். அது போனா மதியம் கோவை எக்ஸ்பிரஸ், ராத்திரி மேட்டுப்பாளையத்திலிருந்தே நீலகிரி எக்ஸ்பிரஸ். எதுல ஏறியிருந்தாலும் வளைகாப்புக்கு முன்னாடி போயிருப்பீங்க. மாத்து ஃபிளைட் வேண்டாம்னா டிக்கெட் பணம் முழுசா திரும்பத் தரணும்.

நான் மாசம் ஒரு தடவை போறவன். பையில எப்பவும் மூணு நாள் மாத்திரை, ஒரு லுங்கி, சார்ஜர். லுங்கி போர்வையும் ஆகும், துண்டும் ஆகும். மழைக்காலம்னா முந்தின நாளே இறங்கிடுவேன். குன்னூர் மலைப்பாதையில பர்லியாறு பக்கம் மண் சரிஞ்சா ஃபிளைட் பறந்தாலும் நமக்கு ரத்துதான்.

லவ்டேல் வாசி:
நஷ்டஈடு கேட்டீங்களா? ஃபிளைட் கிளம்ப 24 மணி நேரம்கூட இல்லாதப்ப சொல்லி ரத்து பண்ணினா டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) விதிப்படி உண்டு. 1 மணி நேரம் வரை பறக்கிற ஃபிளைட்டுக்கு 5,000, ரெண்டு மணி வரை 7,500, அதுக்கு மேல 10,000 ரூபாய். இல்லேன்னா அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து. எது குறைவோ அது. மூடுபனி, புயல்னு காரணம் காட்டினா கிடைக்காது. அதனால காரணத்தை எழுத்துல வாங்குங்க. நல்லவேளை உங்க நம்பர் குடுத்திருந்தீங்க. சரியான நம்பர் குடுக்காதவங்களுக்கு நஷ்டஈடு கிடையாது.

இன்னொண்ணு: திரும்ப மேலே ஏறணும்னு கோவை டாக்ஸி பிடிச்சா இ-பாஸ் (நீலகிரிக்குள்ள வண்டி வர ஆன்லைன் அனுமதி) கேட்பாங்க, 2024 மே மாசத்திலிருந்து. நீலகிரியில பதிவான நம்ம டிஎன் 43 வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் வேண்டாம்.

கோத்தகிரிக்காரி:
ரயில் ஞாபகமே வரலை தம்பி. டீக்கடையில முக்கால் மணி நேரம் அந்த ஃபிளைட் கம்பெனி நம்பருக்கே அடிச்சுக்கிட்டு இருந்தேன். காரணம் கேட்டு இன்னிக்கே மெயில் போடச் சொல்றேன் பையன்கிட்ட. வர்க்கி தூளாப் போச்சு, தங்கச்சி அதை ஸ்பூன்ல அள்ளி டீயில போட்டுத் தின்னா.