ஜார்ஜ் பெஸ்டுக்குப் பொருத்திய கல்லீரலும் கௌதமபுரம் நினைவுக் கோப்பையும்

மர்பி டவுன்வாசி:
பெங்களூரு அல்சூர் கௌதமபுரத்தில் நடக்கவிருக்கும் ஐவர் கால்பந்துப் போட்டிக்குச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஈரல் கெட்டு இறந்துபோன நம் பகுதி விங்கரின், அதாவது ஓரத்து முன்கள ஆட்டக்காரரின், படமும், பக்கத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட் அணியின் பழைய விங்கர் ஜார்ஜ் பெஸ்டின் படமும், கீழே "விதி பறித்துக்கொண்ட மேதைகள்" என்ற வரியும் அதில் இருக்கின்றன. விதி எதையும் பறிக்கவில்லை. 2002 ஜூலையில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், மக்கள் வரிப்பணத்தில், முன்பின் தெரியாத ஒருவருடைய கல்லீரலை எடுத்துப் பெஸ்டுக்குப் பொருத்தினார்கள். மறு ஆண்டே அவர் மீண்டும் குடித்தார். 2004-இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய குற்றத்துக்காக 20 மாதம் வண்டி ஓட்டத் தடை வாங்கினார். 2005 நவம்பர் 25 அன்று 59 வயதில் இறந்தார். இதில் இரக்கப்படுவதற்கு என்ன இருக்கிறது என்பதைச் சுவரொட்டி அடித்தவர்கள் விளக்க வேண்டும்.

கௌதமபுரம் பழைய விங்கர்:
அடித்தவன் நான்தான், விளக்குகிறேன். 1968-இல் வெம்ப்ளியில் பென்ஃபிகாவுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், கோல்கீப்பரையும் ஏமாற்றிச் சுற்றிப் போய்ப் பந்தை உள்ளே தள்ளியபோது அந்த மனிதருக்கு 22 வயது. அதே ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். அவருடைய தாயாரும் குடியால் நலிந்து 1978-இல் இறந்தவர். குடித்தால் உடம்பு தாங்காமல் வாந்தியெடுக்கச் செய்யும் மருந்தைத் தன் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துக்கொள்ளச் சம்மதித்தவர் பெஸ்ட். குடித்தே தீருவேன் என்று திமிராக இருந்த ஒருவர் அதற்குச் சம்மதிப்பாரா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மர்பி டவுன்வாசி:
நான் கேட்டது 2002-ஐப் பற்றி, நீங்கள் சொல்வது 1968-ஐப் பற்றி. அந்தக் கல்லீரல் பெஸ்டுடையது அன்று. அதை வாங்கிக்கொண்ட பிறகு ஏன் குடித்தார்?

ஜெயநகர் செவிலியர்:
உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுபவள் என்ற முறையில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். பொருத்திய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். 2005 அக்டோபரில் பெஸ்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது அந்த மருந்துகளின் பக்கவிளைவாக வந்த சிறுநீரகத் தொற்றுக்காக. பிறகு நுரையீரலிலும் தொற்று ஏற்பட்டு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. எனவே கிடைத்த ஈரலைக் குடித்தே அழித்தார் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவது சரியில்லை. மேலும், பல ஆண்டுகள் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைகால் நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், சிலருக்கு உயிரே போகும். நம் ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு இயங்குவது, இது மன உறுதியால் மட்டும் வெல்லக்கூடிய காரியம் இல்லை என்பதால்தான்.

மர்பி டவுன்வாசி:
சகோதரி, உங்கள் பணிக்கு மரியாதை உண்டு, ஆனால் நீங்களும் என் கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். எங்கள் சித்தப்பா ஒரு துளியும் குடிக்காதவர். மஞ்சள் காமாலைக் கிருமியால் அவருடைய ஈரல் சுருங்கிப்போனது. வயிற்றில் கோத்த நீரை எடுத்துவிட்டு வந்த நாளில்தான் நாலு வாய் சோறு இறங்கும். உறுப்பு கிடைத்துவிட்டது என்ற அழைப்பு எந்த நேரமும் வரலாம் என்பதற்காகக் கைப்பேசியைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தார். சித்தி இரவில் எழுந்து எழுந்து அதில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பார். அழைப்பு வரவேயில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்குப் போயிருக்க வேண்டியது பெஸ்டுக்குப் போனது, அவர் மறுபடியும் குடித்தார். எந்தத் தொற்றில் இறந்தார் என்பது என் கேள்வியே இல்லை.

ஆஸ்டின் டவுன் கோலி:
பெஸ்டை விடுங்கள். பிரேசிலுக்காக உயிரைக் கொடுக்கும் கௌதமபுரத்துக்காரர்கள், பெலே சிலை வைத்த தெருக்காரர்கள், சுவரொட்டியில் கரிஞ்சாவை மறந்தது எப்படி? 1962 உலகக் கோப்பையில் பெலே காயப்பட்டு வெளியேறிய பிறகு வளைந்த கால்களோடு அணியைத் தூக்கி நிறுத்தியவர் அவர். 1983-இல் 49 வயதில் ஈரல் சுருங்கி இறந்தார். சென்ற முறை எங்கள் அணிக்கு இடம் கொடுக்க மறந்தது போலவே இதையும் மறந்துவிட்டீர்கள் போலும்.

கௌதமபுரம் பழைய விங்கர்:
உங்கள் அணி நுழைவுக் கட்டணத்தைக் கடைசி நாள் கடந்து கொண்டுவந்தது. அதை இங்கே இழுக்காதீர்கள். கரிஞ்சா படத்தை வைக்க எனக்குத் தடையில்லை.

மர்பி டவுன்வாசி:
கரிஞ்சாவா? 1969-இல் அவர் ஓட்டிய கார் விபத்தில்தான் அவருடைய துணைவியும் பாடகியுமான எல்சா சோவாரெஸின் தாயார் உயிரிழந்தார். அந்தப் படத்தையும் வைத்து அதன் கீழும் "விதி" என்று எழுதுவீர்களா? பெஸ்ட் விஷயத்தில் ஒருவருடைய கல்லீரல், இவர் விஷயத்தில் ஒருவருடைய உயிர். ஆட்டக்காரர் அழிந்தார் என்று அழுகிறவர்கள் கூட அழிந்தவர்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஜெயநகர் செவிலியர்:
பிரேசில் அணித் தலைவராக இருந்த சோக்ரடீஸ் முறையாகப் படித்த மருத்துவர். ஈரலை மது என்ன செய்யும் என்பதை நம் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர். அவரும் மதுப்பழக்கத்தால் உடல் கெட்டு 2011 டிசம்பரில் 57 வயதில் இறந்தார். தெரிந்தும் செய்தார்கள் என்று நீங்கள் குற்றமாகச் சொல்வதை, தெரிந்தும் நிறுத்த முடியாத நோய் என்று நாங்கள் மருத்துவமனையில் தினமும் பார்க்கிறோம்.

மர்பி டவுன்வாசி:
அப்படியானால் நோயாளி என்று தெரிந்தே ஏன் அந்தக் கல்லீரலைக் கொடுத்தார்கள்? இதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

கௌதமபுரம் பழைய விங்கர்:
ஒரு முறையாவது பூட் கட்டி மைதானத்தில் இறங்கியிருக்கிறீர்களா? இறந்துபோன நம் விங்கரைத் தொழிற்சாலை அணியில் சேர்த்துக்கொண்ட காலத்தில், ஜெயித்தால் கொண்டாட்டம் என்றும் தோற்றால் ஆறுதல் என்றும் வாங்கி ஊற்றியவர்கள் ரசிகர்களும் மேலாளர்களும்தான். கர்நாடகத்தில் 2007-இல் சாராயம் தடை செய்யப்படும் வரை பாக்கெட் சாராயம் மைதானத்து வாசலிலேயே கிடைத்தது. முழங்கால் போனதும் அவரை அணியிலிருந்து எடுத்தார்கள். ஊற்றியவர்களில் ஒருவரும் அதன் பிறகு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கடைசி ஆண்டில் கோல் கம்பத்துக்குப் பின்னால் குந்தியிருந்து, ஒரு சிறுவனின் பூட் கயிற்றைக் கட்டப் பார்த்து, விரல்கள் ஆடியதால் முடிச்சு விழாமல், "நீயே கட்டிக்கோ கண்ணா" என்று சொன்னதை நான் பார்த்தேன். அவர் யாருடைய கல்லீரலையும் வாங்கவில்லை. அவருக்கும் உங்கள் இரக்கம் கிடையாதா?

மர்பி டவுன்வாசி:
அவரைத் திட்டி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவரைப் பெஸ்டின் பக்கத்தில் நிறுத்தியவர் நீங்கள். ஊற்றிக் கொடுத்தவர்கள் என்று இப்போது எழுதுகிறீர்களே, அதைச் சுவரொட்டியில் எழுதாமல் விதி என்று ஏன் எழுதினீர்கள்? அவர்களில் சிலர் இந்தப் போட்டிக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார்கள் என்பதாலா?

கௌதமபுரம் பழைய விங்கர்:
நன்கொடைக் கணக்கு மன்ற அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கோப்பையை நம் விங்கருடைய மகன் கையால்தான் கொடுக்கப்போகிறோம். முடிந்தால் அந்தப் பையன் எதிரில் நின்று இதைச் சொல்லுங்கள்.

மர்பி டவுன்வாசி:
சொல்வேன். தாயைத் தொடர்ந்து பெஸ்டும் குடியில் போனார் என்று எழுதியவர் நீங்கள்தானே? அப்படியிருக்க, குடியால் இறந்த தகப்பனுக்குப் பிறந்த பையனின் எதிரில் எல்லாம் விதி என்று அச்சடித்து ஒட்டுவது எனக்கு இரக்கமாகத் தெரியவில்லை. படத்தை வையுங்கள், 2002-இல் நடந்ததையும் அதன் கீழே எழுதுங்கள்.

கௌதமபுரம் பழைய விங்கர்:
எழுத மாட்டேன். அச்சடித்து ஒட்டியாயிற்று.

ஆஸ்டின் டவுன் கோலி:
கரிஞ்சா படம் சேர்ந்ததா இல்லையா என்பதையும், இந்த முறை நுழைவுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்பதையும் யாராவது எழுத்தில் தெரிவியுங்கள்.