‘ஆட்சேர்ப்பு’ மீனுக்குப் பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

மீன்வளச் சொற்பட்டியலில் ‘ரெக்ரூட்மெண்ட்’டுக்கு ‘ஆட்சேர்ப்பு’ என்று போட்டிருக்கிறது. மலேசியாவில் எங்கள் மீன்பிடி ஊரான ஊத்தான் மெலிந்தாங்கில் இதைச் சொன்னால், தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கங்காணி கப்பலேற்றிக் கூட்டிவந்த கதைதான் நினைவுக்கு வரும். கெம்போங் (கானாங்கெளுத்தி வகை) மீன் குஞ்சை எந்தக் கங்காணியும் கூட்டிவருவதில்லை.

இங்கே பொருளே வேறு. முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களிலேயே மடிந்துவிடும். தப்பிப் பிழைத்து, வலையில் சிக்கும் அளவுக்கு வளர்ந்து, இருப்போடு, அதாவது கடலில் பிடிக்கத் தக்கதாக இருக்கும் மீன் தொகையோடு, சேருகிறவைதான் கணக்கு. தாய்மீன் நிறைய இருந்தும் குஞ்சு தேறாத ஆண்டுகள் உண்டு. மீன்வள அறிஞர்களான ரிக்கர் 1954-இலும், பெவர்ட்டனும் ஹோல்ட்டும் 1957-இலும் தந்த வளைகோடுகள் இந்தத் தாய்க்கும் குஞ்சுக்கும் உள்ள தொடர்பைப் பிடிக்கப் பார்த்தவை. இன்றைக்கும் மீன் இருப்பு மதிப்பீடு இடறும் இடம் இதுதான்.

‘இளமீன் வரவு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. 1931-இல் மீன்வள அறிஞர் ரஸ்ஸல் எழுதிய சமன்பாட்டைப் பாருங்கள். ஆண்டுத் தொடக்க இருப்போடு புதிதாகச் சேர்ந்ததையும் உடல் வளர்ச்சியையும் கூட்டு, பிடித்ததையும் தானாகச் செத்ததையும் கழி, ஆண்டுக் கடைசி இருப்பு வந்துவிடும். அசல் வரவு செலவுக் கணக்கு!

பட்டியலில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. மீன் தானாகச் சாவதற்கு ‘இயல்பிறப்பு’ என்று இருக்கிறது. இயல்பு, இறப்பு என்று பிரித்தால் சாவு. இயல், பிறப்பு என்று பிரித்தால்? கழிக்க வேண்டியதை மாணவன் கூட்டிவைப்பான். தானாகச் சாவதை ‘இயற்கைச் சாவு’, பிடிபட்டுச் சாவதைப் ‘பிடிசாவு’ என்று பச்சையாகவே எழுதிவிடலாம்.

* * *

தம்பி, இயல்பிறப்பை இன்றே தூக்கிவிடலாம். ஆனால் உடல் வளர்ச்சியும் வரவுதானே? அப்புறம், மூன்று சொல் தொடரில் இது நீளமாகிவிடும். ‘இளவரவு’ என்று சுருக்கினால் என்ன? மிகைப்பிடிப்பில் இரண்டு வகை சொல்வார்களே, அங்கேயும் உங்கள் சொல் ஓட வேண்டும்.

* * *

ஐயா, ‘இளவரவு’ என்று கைப்பேசியில் தட்டினேன், ‘இளவரசு’ ஆக்கிவிட்டது. அது போகட்டும். வளர்ச்சியும் வரவுதான், ஆனால் அது ஏற்கெனவே இருக்கிற மீனின் எடை கூடுவது. இது புது மீன் வந்து சேருவது. ‘இளமீன்’ முன்னால் நிற்பதே அந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான்.

மிகைப்பிடிப்புக்கு வருகிறேன். இங்கே படகுத்துறையில் இழுவலைப் படகு இறக்கும் ‘இக்கான் பாஜா’ (கழிவு மீன்) கூடையைக் கிளறிப் பாருங்கள். விரல் நீளத்தில் கிடப்பதில், வளர்ந்தால் நல்ல விலை போகும் மீன்களின் குஞ்சுகளும் இருக்கும். வளரவிடாமல் பிடித்த இழப்பு ஒரு வகை. வலைப் பையின் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற மலேசிய விதி தடுக்கப் பார்ப்பது இதை. தாய்மீனையே குறைத்து அடுத்த தலைமுறையை வரவிடாமல் செய்வது மற்றது. முன்னது ‘வளர்ச்சி கெடுக்கும் மிகைப்பிடிப்பு’, பின்னது ‘வரவு கெடுக்கும் மிகைப்பிடிப்பு’. தொடருக்குள் வெறும் ‘வரவு’ போதும், நீளமும் குறைகிறது.

இப்போதைய ஆய்வுகளிலும் சொல் உட்காருகிறது. குளிர்கடல் மீனுக்குச் செவிக்கல்லில், அதாவது காதுக்குள் இருக்கும் சிறு கல்லில், ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும்; எண்ணினால் வயது. நம் வெப்பக் கடல் மீன்களில் பலவற்றுக்கு அது மங்கல். அதனால்தான் டேனியல் பாலி போன்ற மீன்வள ஆய்வாளர்கள் 1980-களில் நீளத்தை வைத்துக் கணிக்கும் முறைகளைப் பரப்பினார்கள். தரவு குறைந்த மீன்வளங்களுக்கு இன்று உருவாகும் முறைகள் பலவும் அந்த வழியில் வந்தவைதான். கெம்போங்கை அளவுப்பலகையில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை அளக்கிறார்கள். மாதாமாதம் அளந்து, எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று வரைபடம் போட்டால், சின்ன நீளத்தில் ஒரு புது மேடு எழும். அதுதான் இளமீன் வரவு. அடுத்தடுத்த மாதங்களில் மேடு வலப்பக்கம் நகரும், நகரும் வேகத்தில் வளர்ச்சி தெரியும். இந்த வரைபடத்தின் கீழே ‘ஆட்சேர்ப்பு மேடு’ என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் மாற்றிவிடலாமா, ஐயா? ‘செவிக்கல்’லை மட்டும் யாரும் தொட வேண்டாம், அது நன்றாகவே இருக்கிறது.