புதுப்பிப்பு: விம், பாஷ் சொல்நிரப்பலில் மீதமிருந்த இரண்டு சிக்கல்கள்

விம் (உரைத் தொகுப்பான்), பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் நிரல்) இரண்டிலும் சொல்நிரப்பல் (பாதி தட்டிய சொல்லை நிரலே முடித்துத் தருவது) அமைப்பது பற்றிய முந்தைய பதிவில் விடைதெரியாமல் நின்ற இரண்டுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

சி மொழிக் கோப்புகளில் சொல்நிரப்பலுக்காகக் கன்ட்ரோல்-என் அழுத்தினால் விம் திணறுவது: சொற்களை எங்கெல்லாம் தேடுவது என்று சொல்லும் 'கம்ப்ளீட்' விருப்பத்தில் இருக்கும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்துதான் காரணம். இன்க்ளூட் செய்த ஹெட்டர் கோப்புகளை எல்லாம் அது ஒவ்வொன்றாகத் துழாவும். அதை மட்டும் நீக்குங்கள். திறந்திருக்கும் பஃபர்கள் (விம்மில் ஏற்றிய கோப்புகள்), டேக்ஸ் கோப்பு (நிரலில் உள்ள பெயர்களின் அட்டவணை) ஆகியவற்றிலிருந்து சொற்கள் வழக்கம்போல வரும்.

பாஷில் சொந்தமாக இன்புட்ஆர்சி கோப்பு (விசை அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) வைத்ததும் ஹோம், டெலீட் விசைகள் சிலருக்கு மக்கர் செய்தன அல்லவா? சொந்தக் கோப்பு இருந்தால், ஈடிசி அடைவில் உள்ள பொது இன்புட்ஆர்சி கோப்பை ரீட்லைன் (பாஷில் தட்டச்சைக் கையாளும் நிரலகம்) தொடாது. சொந்தக் கோப்பின் முதல் வரியிலேயே அந்தப் பொதுக் கோப்பை இன்க்ளூட் செய்துவிடுங்கள் (இன்க்ளூட் என்ற சொல்லுக்கு முன்னால் டாலர் குறி கட்டாயம், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்). சேமித்தபின் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர் அடுத்தடுத்து அழுத்தினால் கோப்பு மறுபடி படிக்கப்படும். டெர்மினலை மூடித் திறக்க வேண்டியதில்லை.