சர்வாதிகாரிகள் விட்டுப்போன தடயங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பெர்லின்வாசி:
ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்துக்கு வெளியே கருப்பு வார்ப்பிரும்புப் பலகைகள் வரிசையாகச் செருகி நிற்குமே, மொத்தம் 96, அங்கேதான். ஊரிலிருந்து வந்த மச்சான் சைக்கிள் ஸ்டாண்டு என்று நினைத்து, அதில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார். விளிம்பில் இருந்த எழுத்தைக் காட்டினேன்: ஏர்ன்ஸ்ட் டேல்மான், புக்கன்வால்ட், 1944. எல்லாம் நாஜிகள் பலிகொண்ட நாடாளுமன்ற உறுப்பினர்களின் பெயர்கள். "எம்.பி.யையே கொன்னுட்டாங்களா?" என்று கேட்டார். போட்டோ எடுக்கவில்லை. எல்லாம் முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிமேல் சுமத்திய வெர்சாய் ஒப்பந்தம் இழுத்துவிட்ட வினை.

ரோமாபுரிக்காரன்:
ரோமில் கால்பந்து பார்க்க ஒலிம்பிக் மைதானம் போனவர்களுக்கு அந்தத் தூண் தெரியும். பெரிய பளிங்குத் தூண், மேலிருந்து கீழே 'முசோலினி டக்ஸ்', அதாவது 'தலைவர் முசோலினி'. இன்றுவரை யாரும் அழிக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு சின்னப் பையன், அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். முழுசாகப் படித்து முடித்ததும், அது யாரென்று அப்பாவிடம் கேட்டான். அவர் ஐஸ்கிரீம் வண்டியைக் காட்டினார்.

தாடிக்காரர்:
பெர்லின்வாசி, வெர்சாய்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்காதீர்கள். இத்தாலி வென்ற பக்கம்தானே? அங்கே 1922-லேயே முசோலினி வந்தாச்சு. ராணுவச் சட்டத்துக்கு ராஜா கையெழுத்துப் போட்டிருந்தால், ஆட்சியைப் பிடிக்க முசோலினி ஆட்கள் ரோமை நோக்கிக் கிளம்பிய அணிவகுப்பு அன்றைக்கே முடிந்திருக்கும். ஜெர்மனியில் 1932 ஜூலையில் நாஜிகளுக்கு 37.3 சதவீத வாக்கு, நவம்பரில் 33.1. இறங்குமுகம்! அப்போதுதான் முன்னாள் பிரதமர் பாப்பனும் கூட்டாளிகளும் 'நாம் இவனை அடக்கி வைத்துக்கொள்வோம்' என்று சொல்லி, ஹிட்லரைப் பிரதமராக்க ஜனாதிபதி கிழவர் ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தார்கள். 1933 மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போட ஹிட்லர் அரசுக்கு அதிகாரம் வழங்கும் சட்டம் 444-க்கு 94 என்று நிறைவேறியது. கம்யூனிஸ்டுகளை உள்ளேயே விடவில்லை, எதிர்த்து ஓட்டுப் போட்டது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும். அந்த ஓட்டெடுப்பு நடந்த க்ரோல் ஓபரா இருந்த இடம் இப்போது வெறும் புல்வெளி. நான் போனபோது பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் என் அனுபவம்.

அப்புறம், ரைக்ஸ்டாக் குவிமாடம் ஏற நினைப்பவர்கள் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். சாயங்கால நேரம் நல்லது.

கணக்கு வாத்தியார்:
எல்லாரும் ஐரோப்பாவையே சுற்றுகிறீர்கள். நான் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் வேலை பார்த்தவன். ஆசிரியர் அறையில் ஏதோ பேச்சில் 'உலகப் போர் தொடங்கிய 1939' என்றேன். மூத்த வரலாற்று ஆசிரியர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்களுக்கு 39. எங்களுக்கு 35, இத்தாலி எங்கள்மேல் படையெடுத்த வருஷம்." அன்று சாயங்காலமே யெகாட்டித் 12 (எத்தியோப்பிய நாட்காட்டித் தேதி) நினைவுத் தூணுக்குக் கூட்டிப் போனார். 1937 பிப்ரவரியில் இத்தாலியர்கள் ஊர்மக்களைக் கொன்று குவித்ததற்கான தூண் அது. புடைச்சிற்பத்தில் கிடக்கும் உடல்களை விரலால் தொட்டுக் காட்டினார். முசோலினி படையெடுத்ததற்கு ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பான நாடுகளின் சங்கம் தடை விதித்ததாம், ஆனால் அவன் கடுகு வாயு என்ற விஷவாயுவைப் போட்டபோதும் பெட்ரோலைத் தொடவில்லை. சூயஸ் கால்வாயும் இத்தாலியக் கப்பல்களுக்குத் திறந்தே இருந்தது. அந்தக் களேபரத்துக்கு நடுவில்தான், 1936 மார்ச்சில், வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மன் படை நுழையக் கூடாத ரைன்லாந்துப் பகுதிக்குள் ஹிட்லர் படையை அனுப்பினான். தாடிக்காரரே, உங்கள் கணக்கில் இதையும் சேருங்கள்.

பெர்லின்வாசி:
குவிமாடத்துக்கு வழி யார் கேட்டது? வாத்தியார் சார், அந்த ஆசிரியர் வேறு என்ன சொன்னார், எழுதுங்கள்.