பரணில் இருக்கும் தகரப் பெட்டி

மீனா அண்ணி: நாளைக் காலை வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள். பரணில் இருக்கும் தகரப் பெட்டியை என்ன செய்வது? உள்ளே முழுக்கப் பழைய காகிதம், கரையான் வேறு. எடைக்குப் போட்டுவிடட்டுமா?

குமார்: போட்டுடுங்க அண்ணி

லட்சுமி அத்தை: அங்கே பித்தளை அண்டா இருந்ததே?

ரவி அண்ணன்: அத்தை, அண்டா போய்ப் பத்து வருஷம் ஆச்சு

லட்சுமி அத்தை: யார் எடுத்துப் போனார்கள் என்று எனக்குத் தெரியும்

சேகர் பெரியப்பா: மீனா, கை வைக்காதேம்மா. அதில் அப்பாவின் ஆலைச் சம்பளச் சீட்டுகள் இருக்கின்றன. 1936 ஜூலை 30 அன்று நம் புதுச்சேரி சவானா பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அப்பாவுக்கு அப்போது 18 வயது, உள்ளேதான் இருந்தார். வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைக்க விடு, இவ்வளவுதான் கேட்டார்கள். அடுத்த வருஷமே 8 மணி நேர வேலை சட்டமாக வந்தது, தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா பெயரெல்லாம் அப்போதிருந்து அப்பா வாயில் வரும்.

கவின்: பெரிய தாத்தா, எங்கள் பாடத்தில் இது வரலையே. 1947 மட்டும்தான் படித்தோம்

சேகர் பெரியப்பா: 1947-இல் நம் ஊரில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது கண்ணு. 1954 அக்டோபர் 18 கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேருவோம் என்றார்கள். நவம்பர் 1 ஆட்சி கைமாறியது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16.

குமார்: பெரியப்பா நான் இன்றைக்கு 12 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் பஸ் ஏறினேன் 😴

சேகர் பெரியப்பா: அதைத்தானடா சொல்கிறேன். 8 மணி நேரம் எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் நீ மேலாளரிடம் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பாய். தெரியாததால், தானாகக் கிடைத்தது தானாகவே போகிறது என்று உட்கார்ந்திருக்கிறாய். நாளை கவினுக்கு 14 மணி நேரம் என்பார்கள், அவனும் சரி என்பான்.

ரவி அண்ணன்: குமார், சாப்பிட்டியா

லட்சுமி அத்தை: இவ்வளவு பேசும் அண்ணன், அப்பா பென்ஷனுக்கு அலைந்தபோது எங்கே இருந்தார்? நான்தான் கூடப் போனேன்

சேகர் பெரியப்பா: நெய்வேலியில் ஷிப்டில் இருந்தேன், உனக்குத் தெரியாதா லட்சுமி

மீனா அண்ணி: மாமா, உங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறீர்களா?

சேகர் பெரியப்பா: ஃப்ளாட்டில் ஏதும்மா இடம்

கவின்: பெட்டியைத் திறந்துட்டேன். ஒரு சீட்டின் பின்னால் நீலப் பென்சிலில் அரிசி, சீமெண்ணெய், அம்மாவுக்கு மருந்து என்று எழுதி, மருந்தை மட்டும் அடித்திருக்கிறார்

லட்சுமி அத்தை: அது அப்பா கையெழுத்துதான். போட்டோ அனுப்பு சாமி

சேகர் பெரியப்பா: எல்லாவற்றையும் எடுத்து அனுப்பு. ஓரம் உதிரும், மெல்லப் பிரி

மீனா அண்ணி: சரி, இப்போதைக்குக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து பிரித்துக்கொள்ளுங்கள்

ரவி அண்ணன்: ஞாயிறு கடலூரில் கல்யாணம் இருக்கே

குமார்: எனக்கு அன்றைக்கும் வேலை

சேகர் பெரியப்பா: நான் வருகிறேன். கவின், எங்கேயும் போகாதே