புதுப்பிப்பு: டாக்கர் கன்டெய்னருக்குள் ஸ்டீம், கறுப்புத் திரை சரியாகிவிட்டது

உபுண்டு லினக்ஸில், நிரல்களைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி போன்ற டாக்கர் கன்டெய்னருக்குள், விளையாட்டுகளை வாங்கி விளையாடும் செயலியான ஸ்டீமை இயக்கினால், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனதும் சாளரம் வெறும் கறுப்பாக நின்றுவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கிராபிக்ஸ் டிரைவரின் 32 பிட் கோப்புகளை முதலில் சேர்த்தேன். அவை தேவைதான், ஆனால் கறுப்பு போகவில்லை. பகிர்வு நினைவகத்தை (நிரல்கள் தமக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ளும் இடம்) கூட்டச் சொன்னவர்தான் சரியாகப் பிடித்தார். நாம் எதுவும் சொல்லாவிட்டால் டாக்கர் அதற்கு ஒதுக்குவது 64 எம்பி. ஸ்டீமின் கடை, லைப்ரரிப் பக்கங்களை வரைவது குரோமியம் உலாவியின் எஞ்சின். அதற்கு இது எந்த மூலைக்கு? கட்டளையில் அளவைக் குறிப்பிடாமல் விட்டது என் பிழை. 2 ஜிபி என்று மாற்றியதும் விளையாட்டுகளின் அட்டைப்படங்கள் ஒவ்வொன்றாக வந்து திரையை நிறைத்தன.

எதிர்பாராத சிக்கல் கேம்பேடில் வந்தது. கன்டெய்னர் ஓடத் தொடங்கிய பிறகு செருகினால் தெரியவில்லை. உள்ளீட்டுச் சாதனங்களின் கோப்புறை முழுவதையும் உள்ளே இணைத்து, முதன்மை எண் 13 (லினக்ஸில் உள்ளீட்டுச் சாதனங்களைக் குறிக்கும் எண்) உள்ள சாதனங்களுக்கு அனுமதி தந்தேன். செருகும் சாதனங்களைக் கண்டறியும் லினக்ஸ் சேவையான யுடெவின் கோப்புறையைப் படிக்க மட்டும் கொடுத்தேன். இப்போது கழற்றிச் செருகினாலும் உடனே பிடித்துக்கொள்கிறது. முழு அதிகாரத்தையும் கன்டெய்னருக்குத் தூக்கிக் கொடுப்பது சுலபம்தான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தனியாகப் பிரித்து வைத்ததற்கே பொருள் இல்லாமல் போய்விடும்.