இன்டெல் சிப்பில் பேரியர் தேவையில்லை என்று யார் சொன்னது?

வடலி:
ஒரு தம்பி தான் எழுதும் சின்னக் கேர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவைப் பற்றிக் கேட்டிருந்தார். நித்திரைக்குப் போன திரெட் (தனியாக ஓடும் ஒரு வேலை இழை) சிலவேளை எழும்புவதேயில்லை. ஒரு சிபியுவில் பிரச்சினை இல்லை, நான்கில் ஓட்டினால் ஒரு மணித்தியாலத்துக்குள் மாட்டிவிடுகிறதாம். அதற்குக் கொக்குவிலான் கொடுத்த பதில்: "ஷெட்யூலரில் (எந்தத் திரெட் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதியில்) 10 மில்லிசெக்கனுக்கு ஒருக்கால் டைமர் வைத்து எழுப்பிவிடும். இன்டெல் வரிசையை மாற்றாது, பேரியர் ஏஆர்எம் சிப் ஆட்களுக்குத்தான்." படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரியர் என்றால், நினைவகத்தில் எழுதுவதும் படிப்பதும் வரிசை மாறாமல் தடுக்கும் கட்டளை. இன்டெல்லும் அந்த வரிசையை மாற்றும். படிக்கிற பெடியளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுக்காதீர்கள் அண்ணை.

கொக்குவிலான்:
நான் 14 வருடமாக இந்த வேலையில்தான் சோறு தின்கிறேன். இன்டெல்லில் எழுத்தை எழுத்து முந்தாது, வாசிப்பை வாசிப்பு முந்தாது. இன்டெல் கையேட்டைத் திறந்து பாரும்.

வடலி:
திறந்துதான் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டும் சரி. மூன்றாவதை ஏன் விட்டீர்கள்? முன்னால் எழுதியதை, வேறொரு முகவரியைப் படிக்கும் பின்னால் வருகிற வாசிப்பு முந்தலாம் என்று அதே பகுதியில் இருக்கிறது. எழுதியது அந்தச் சிபியுவின் தற்காலிக இடமான ஸ்டோர் பஃபரில் கிடக்கும், மற்ற சிபியுவுக்குத் தெரியாது.

தம்பியின் கோட் எப்படி ஓடுகிறதென்று பாருங்கள். சிபியு 0 "நான் நித்திரை" என்று எழுதிவிட்டு, வேலை வந்ததா என்று பார்க்கிறது. சிபியு 1 "வேலை வந்தது" என்று எழுதிவிட்டு, அவன் நித்திரையா என்று பார்க்கிறது. இரண்டு எழுத்தும் இன்னும் பஃபரில். வேலை இல்லை என்று சிபியு 0 காரன் படுத்துவிடுகிறான். அவன் முழிப்பு என்று சிபியு 1 காரன் போய்விடுகிறான். பிறகு எழுப்ப ஆளில்லை. லினக்ஸ் கேர்னல் இந்த இடத்தில் இன்டெல்லிலும், புதியதை எழுதிப் பழையதை எடுக்கிற எக்ஸ்சேஞ்ச் கட்டளையால்தான் நிலையை எழுதுகிறது. அது முழுப் பேரியர்.

கடற்கரைக்காற்று:
எனக்கும் இதே கதி. நடப்பதைப் பார்க்கத் திரையில் எழுதும் பிரிண்ட்எஃப் போட்டால் பிழை ஒளித்துவிடும், எடுத்தால் வந்துவிடும். மெஷினைப் போலச் செய்துகாட்டும் கீமு மென்பொருளில் ஒரு சிபியு வைத்து இரண்டு கிழமை தேடினேன். மூன்றாக்கின அன்றே அகப்பட்டது.

கொக்குவிலான்:
தம்பி ஸ்பின்லொக், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுகிற லொக் போட்டிருக்கிறார். லொக் எடுக்கிற கட்டளையே பேரியர்தான். ஆகவே தனியாகப் பேரியர் தேவையில்லை, நான் சொன்னது சரி. 1997இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தையே டைமர்தான் காப்பாற்றியது.

வடலி:
முதலில் "இன்டெல் மாற்றாது" என்றீர்கள். இப்போது "லொக் பார்த்துக்கொள்ளும்" என்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. அவர் லொக்கை விட்ட பிறகுதான் வேலை வந்ததா என்று பார்க்கிறார். இன்டெல்லில் லொக்கை விடுவது வெறும் எழுத்து, அது பேரியர் இல்லை.

பாத்ஃபைண்டரில் டைமர் மெஷினைத் திரும்பத் திரும்ப ரீசெட் பண்ணியது. அதுதான் அங்கே தொல்லையே. முன்னுரிமை குறைந்த வேலை ஒன்று லொக்கைப் பிடித்திருக்க, முன்னுரிமை கூடிய வேலை காத்துக் கிடந்தது. பூமியிலிருந்து ஒரு செட்டிங்கை மாற்றித்தான் திருத்தினார்கள். காத்திருப்பவனின் முன்னுரிமையை லொக் வைத்திருப்பவனுக்குக் கொடுக்கிற செட்டிங் அது.

தம்பி, மாணவர்கள் படிப்பதற்காகவே எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன இயங்குதளத்தின் கோட் படிக்கட்டும். அதில் நித்திரைக்குப் போகிறவன் தன்னுடைய லொக்கை எடுத்த பிறகுதான் நிபந்தனையின் (வேலை வந்ததா என்பதன்) லொக்கை விடுவான். இடையில் யாரும் நுழைய முடியாது.

பனங்கூடல்:
லொக், திரெட், பேரியர்... பூட்டு, இழை, தடுப்பு என்று எழுதினால் கை நோகுமா?

கொக்குவிலான்:
பூட்டு கதவுக்கு. போன மாதமும் இதையே சொல்லி ஒரு நல்ல பதிவைக் குழப்பினீர்.

பனங்கூடல்:
குழப்பியது நானா? "நித்திரை" என்று எழுதும்போது மட்டும் உங்களுக்கெல்லாம் விளங்குகிறதுதானே!

வடலி:
பூட்டென்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. இன்டெல்லுக்கு வாருங்கள். கொக்குவிலான் அண்ணை, இரண்டு திரெட், இரண்டு மாறி. ஆளுக்கொன்றில் 1 எழுதி மற்றதைப் படிக்கட்டும். உங்கள் மெஷினிலேயே லட்சம் தரம் ஓட்டுங்கள். இரண்டு பேரும் 0 படித்த தரம் ஒன்றாவது வரும்.

கொக்குவிலான்:
எனக்கு ஓட்டிக் காட்டத் தேவையில்லை. என் சர்க்கிட் போர்ட் டைமரோடு மூன்று வருடமாக நிற்காமல் ஓடுகிறது.

வடலி:
அந்தப் போர்டில் எத்தனை சிபியு?

கொக்குவிலான்:
அதை ஏன் இப்போது கேட்கிறீர்? போன வருடம் நல்லூர்த் திருவிழா நேரம் என் டிரைவர் கோட் பிழை என்று இங்கே எல்லோருக்கும் முன்னால் எழுதினீரே, முதலில் அதற்குப் பதில் சொல்லும்.

வடலி:
அதிலும் பேரியர்தான் இல்லை.